பால்கனியில் உறைந்த ரோல்கள்

டிசம்பர் நடுவிலிருந்து ஒரு மாதம் முழுக்க ரிம்மா கெடுத்த சோறெல்லாம் என் வயிற்றுக்குள்தான் போனது. எதிர்வீட்டுக்காரி என்பதைத் தவிர நான் ஒரு பாவமும் செய்யவில்லை. மணி அடிக்கும். கதவைத் திறந்தால் கையில் தட்டோடு நிற்பாள்.

"தமாரா அக்கா, ஒண்ணே ஒண்ணு வாயில போட்டுட்டு உண்மையைச் சொல்லுங்க."

உண்மை சொல்வதில் எனக்கு ஒரு தயக்கமும் கிடையாது. ஓம்ஸ்க் டிராமில் டிக்கெட் கொடுத்துப் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். அங்கே இனிக்க இனிக்கப் பேசினால் ஒருத்தனும் டிக்கெட் வாங்க மாட்டான். முதல் தடவை அவள் கொண்டுவந்ததைத் தின்றுவிட்டு, "இதைச் சுவத்துல பூசு, நல்லா ஒட்டும்" என்றேன். ரிம்மாவுக்குத் தொழிலே பூச்சு வேலைதான், அதனால் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அப்போதுதான் விஷயம் சாதாரணமில்லை என்று எனக்குப் பட்டது.

ரிம்மா பதினேழு வயதில் இர்திஷ் ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து தொழிற்பள்ளிக்கு வந்தவள். அன்று பிடித்த கரண்டியை இன்னும் கீழே வைக்கவில்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மாடிக் குடியிருப்பு என்று எங்கே போய்ச் சாய்ந்து நின்றாலும் அது அவள் பூசிய சுவராக இருக்க வாய்ப்புண்டு. முதல் புருஷன் குடித்துக் குடித்தே வீட்டைக் காலிசெய்தான். வயிற்றில் வந்த பிள்ளைகள் இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் என்னிடம் பேசியிருக்கிறாள், அதுவும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே.

எதிர்வீட்டு பொரீஸைக் கட்டிக்கொண்டது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். மேல்மாடியில் குழாய் வெடித்து அவன் வீட்டுச் சுவரெல்லாம் ஊறிப்போனபோது வேலைக்கு வந்தாள். சுவர் காய்வதற்குள் அவனுக்கு மனசு இளகிவிட்டது. பெண்டாட்டியைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவன், கையில் ஒரு மகள். நல்லவன்தான், ஆனால் எந்த முடிவையும் அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு நழுவுகிற நல்லவன். ஒரு மாதம் வடக்கே எண்ணெய் வயலில் வேலை, ஒரு மாதம் வீடு என்று போய்வருவான். அந்த வேலை அவன் குணத்துக்கு ரொம்பப் பொருத்தம்.

மகள் உல்யானா மரியாதையான பெண். அந்த மரியாதைதான் ரிம்மாவைக் கொன்றது. கத்த மாட்டாள், எதிர்த்துப் பேச மாட்டாள். "தேங்க்ஸ் சித்தி" என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கழுவிய தட்டு திரும்பி வரும். உப்பு அதிகமா, பிடித்ததா, குப்பையில் கொட்டினாளா என்று ஒரு வார்த்தை வராது. "ஓட்டல்ல தங்கியிருக்கிற மாதிரி இருக்கா அக்கா" என்பாள் ரிம்மா.

ஜனவரிக் கடைசியில் உல்யானாவுக்குப் பதினைந்து முடிகிறது. என்ன வேண்டும் என்று ரிம்மா கேட்டிருக்கிறாள்.

"ஒண்ணும் வேணாம் சித்தி. ஃப்ரெண்ட்ஸ் வந்தா சுஷி ரோல் ஆர்டர் பண்ணிக்கிறோம். மேல சீஸ் போட்டுச் சூடா சுட்டு வருமே, அது."

"விருந்தாளிக்குக் கடைச் சாப்பாடா? நானே வீட்ல செஞ்சு தரேன்."

"நீங்களா?" என்று கேட்டிருக்கிறாள் பெண். அவ்வளவுதான். அந்த 'நீங்களா' முள்ளாக ஏறிவிட்டது.

இது மட்டும் என்றால் பரவாயில்லை. புத்தாண்டு அன்று பொரீஸின் அக்கா ஸோயா தியுமெனிலிருந்து போன் செய்தாள். பிள்ளை சொந்த ரத்தத்தோடு வளரட்டும், தன்னிடம் ஒரு அறை சும்மாத்தான் கிடக்கிறது, அங்கே பள்ளிக்கூடமும் நல்லது என்று ஒரு மணி நேரம் பேசினாள். பொரீஸ் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "பிறந்தநாளுக்கு வா அக்கா. உல்யாவையே கேட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு வடக்கே கிளம்பிவிட்டான். அவன் இருக்கும்போதே முன்கூட்டிக் கொண்டாடிவிடலாமே என்றால், பிறந்தநாளை எங்கள் ஊரில் யாராவது அந்த நாளுக்கு முன்னால் கொண்டாடுவார்களா? வாழ்த்துக்கூட வாயில் வரக் கூடாது, அபசகுனம். ஆக, நாத்தனாரையும் பெண்ணையும் அந்தக் கேள்வியையும் ரிம்மா தனியாகவே சமாளிக்க வேண்டும்.

"அவ போயிட்டா பொரீஸ் என்னைப் பார்க்கிற பார்வை மாறிடும்" என்றாள் என்னிடம். "அதுகூடப் போகட்டும் அக்கா. அந்த ரூம் காலியாக் கிடக்கும். நான் தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தானே போகணும்?"

அவளுடைய பயமெல்லாம் அந்தச் சோற்றின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ரோல் நன்றாக வந்தால் பெண் இருப்பாள், கெட்டால் போய்விடுவாள் என்று தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அவள் அரிசி கழுவுகிற வேகத்திலேயே தெரிந்தது.

முதலில் நீள அரிசியில் செய்தாள், மூங்கில் பாயை எடுத்ததும் எல்லாம் உதிர்ந்தது. அடுத்தது குழைந்து கஞ்சியானது. அதற்கடுத்து கடல்பாசித் தாளின் மேல் சோற்றை விரல் கனத்துக்கு அப்பி, தலையணை மாதிரி ஒன்றைச் சுருட்டினாள். "சுவர் இல்லடி இது, முதல் கோட் போதும்" என்று நான்தான் சொன்னேன். பிறகு கையை நனைத்துக்கொண்டு மெல்லிசாகப் பரப்பக் கற்றுக்கொண்டாள். பழகிய கை, சீக்கிரமே படிந்தது. உள்ளே வீட்டிலேயே உப்பிட்ட மீன், கிரீம் சீஸ், வெள்ளரி. மேலே வைக்கிற தொப்பிக்கு மயோனிஸ், துருவிய சீஸ், மீன் முட்டை, அப்புறம் பெயரில் மட்டும் நண்டு இருக்கிற அந்தச் சிவப்புக் குச்சிகள். தொப்பி பொன்னிறமாகப் பொங்குகிறவரை ஓவனில் வைக்க வேண்டும். ஜனவரி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்ததை நான் தின்றுவிட்டு, "இன்னொண்ணு குடு" என்றேன். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பிறந்தநாளன்று காலையில் குளிர் மைனஸ் முப்பத்து நாலு. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். உல்யானா அறையை விட்டு வெளியே வரவில்லை. இந்தக் குளிரில் தோழிகள் வருவார்களா என்று ரிம்மாவுக்குப் புதுக் கவலை. விடியும்போதே சோறு வடித்து, காடி கலந்து, ரோல்களைச் சுருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிவைத்துவிட்டாள். நான் எட்டிப் பார்த்தபோது சமையலறை மேசையில் ஈரத்துணிக்கு அடியில் வரிசையாகப் படுத்திருந்தன. ஃபிரிட்ஜில் சாலட்டும் இறைச்சி ஜெல்லியும் கேக்கும் அடைத்துக்கொண்டிருந்தன.

"பால்கனியில வையேன்" என்றேன்.

"வேணாம் அக்கா. குளிர் பட்டா சோறு வெறைச்சுப் போகும். இங்கயே இருக்கட்டும். ரயில் பதினொண்ணுக்கு, நான் ஓடிப்போய் ஸோயா அண்ணியைக் கூட்டிட்டு வந்துடறேன். வந்ததும் வெட்டி, தொப்பி வெச்சு, ஓவன்ல தள்ளிடுவேன்."

ஓடிப்போய் வருகிற ரயிலா அது? குளிரில் தாமதமாகித் தாமதமாகி, அவள் திரும்பி வரும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. பிள்ளைகள் நாலு மணிக்கு வர வேண்டும். எதிர்வீட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது, பிறகு ஸோயாவின் குரல், பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. போய்ப் பார்த்தேன்.

ஸோயா இன்னும் ரோமக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ரிம்மா சமையலறை நடுவில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால்கனிக் கதவு திறந்து வெள்ளையாகக் குளிர் உள்ளே புகுந்துகொண்டிருந்தது. அவள் ஒரு ரோலை எடுத்து மேசையில் தட்டினாள். கட்டையைத் தட்டிய சத்தம் வந்தது.

எங்கள் ஊரில் குளிர்காலம் வந்தால் பால்கனிதான் பெரிய ஃபிரிட்ஜ். சூப் பானை, இறைச்சி, பெல்மேனி என்கிற கறிக் கொழுக்கட்டை எல்லாம் அங்கேதான் போகும். எதையாவது கெடாமல் வைக்க வேண்டும் என்றால் யோசிக்காமல் கையே அந்தக் கதவைத் திறக்கும். ஆனால் இந்தத் தட்டைக் கொண்டுபோய் வைத்தது ரிம்மாவின் கை அல்ல. அது மேசையில் இருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"என்ன இது, விறகா?" என்றாள் ஸோயா. "யாரு கொண்டு வெச்சது?"

ரிம்மா ரோலைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"வீட்ல உல்யா மட்டும்தானே இருந்தா? அப்போ வேணும்னேதான் செஞ்சிருக்கா." ஸோயா கையுறையைக் கழற்றி மடித்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஏதோ பரீட்சையில் பாஸான முகம். "பாவம், குழந்தைக்கு வாயால சொல்ல வரல. கையால சொல்லிட்டா. இதுக்கு மேல நான் என்ன கேக்கணும்?"

"இல்ல அண்ணி" என்றாள் ரிம்மா. "நான்தான் வெச்சேன். கிளம்புற அவசரத்துல."

நான் வாயைத் திறந்தேன். ரிம்மா என் காலை மிதித்தாள், அதுவும் பூட்ஸைக்கூடக் கழற்றாத காலால். அப்போதுதான் பார்த்தேன், நடைவழியில் உல்யானா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. திரும்பி அறைக்குள் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"முப்பது வருஷமா இந்த ஊர்க் குளிரைப் பாக்கறீங்க" என்று ஸோயா பெருமூச்சு விட்டாள். "சரி, விடுங்க. பசங்க வர்றதுக்குள்ள கடையில சொல்லி வரவழைங்க. நான் கொஞ்சம் வெந்நீர்ல நின்னுட்டு வரேன். எலும்பெல்லாம் விறைச்சுப்போச்சு."

ரிம்மா கடைக்குப் போன் செய்தாள். இந்தக் குளிரில் பையன்கள் யாரும் வெளியே கிளம்பவில்லை, இன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு கடையிலும் அதே பதில். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கோட்டு, தொப்பி எல்லாம் அப்படியே இருந்தன.

"ஏன்டி பொய் சொன்னே?" என்று அடிக்குரலில் கேட்டேன்.

"பின்ன, அந்தப் பொண்ணை இவங்க முன்னாடி நிக்க வெச்சு விசாரிக்கச் சொல்றீங்களா? அதுவும் பிறந்தநாள் அன்னிக்கு?" அவள் தொப்பியை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். "பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாம்ல அக்கா. நான் என்ன, அவ அம்மாவா ஆகணும்னா கேட்டேன்?"

அந்தப் பெண்ணை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று எழுந்தேன். ரிம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, எழுந்து கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் வேலைப் பையிலிருந்து ஜிப்சம் பலகை அறுக்கிற ரம்பத்தை எடுத்து வந்தாள். அதைக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் உல்யானா வந்தாள். கையில் தலைமுடி உலர்த்துகிற கருவி. கண்கள் சிவந்திருந்தன.

"சித்தி, நான்தான் வெச்சேன்."

"தெரியும்" என்றாள் ரிம்மா. ரம்பத்தைக் கழுவுவதை நிறுத்தவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே, "ஏம்மா வெச்சே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவ்வளவு மெதுவாக வந்தது. பதிலைக் கேட்க அவளுக்கு எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியும்.

"கிச்சன் கொதிச்சுது. வீட்டைச் சூடாக்குற குழாய்ல கையே வைக்க முடியல. உள்ள மீன் இருக்கே, நீங்க வர லேட்டாகும்னு தோணுச்சு. கெட்டுப்போயிடும்னு நினைச்சேன். அரை மணி நேரத்துல எடுத்துடலாம்னுதான்... தூங்கிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஒரு மாசமா செஞ்சு பாத்தீங்க. கெட்டுப்போனா அழுவீங்க."

ரிம்மா திரும்பினாள். "ஒரு மாசமா செஞ்சது உனக்குத் தெரியுமா?"

"ரூம் வரைக்கும் வாசனை வராதா? சுட்டதும் தட்டைத் தூக்கிட்டு இவங்க வீட்டுக்கு ஓடுவீங்க." என் பக்கம் விரலை நீட்டினாள். "எனக்கு ஒரு தடவைகூடத் தரல."

நான் தின்றதெல்லாம் அவள் பங்கு என்று அப்போதுதான் உறைத்தது. ரிம்மா, "நல்லா வந்ததுக்கு அப்புறம் தரலாம்னு..." என்று இழுத்தாள்.

"கெட்டுப்போனதையும் தின்னிருப்பேன்" என்றாள் உல்யானா. "இப்போ என்ன பண்றது? மணி ஆவுது."

அதற்குப் பிறகு பேச்சுக்கு நேரமில்லை. பெண் கருவியை அழுத்தி ரோல்களின் மேல் சூடு காட்டினாள், ரிம்மா ஓவனைப் போட்டாள், மொத்த வீடும் இருண்டது. பழைய கம்பிகள், இரண்டையும் சேர்த்துத் தாங்கவில்லை. ஜன்னல் முழுக்க உறைபனி, மூன்று மணிக்கே உள்ளே மங்கல்தான். குளியலறையிலிருந்து ஸோயா, "யாரு விளக்கை அணைச்சது? கண்ணுல சோப்பு!" என்று அலறினாள். உல்யானா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மாடிப்படிப் பக்கம் இருக்கிற பெட்டிக்கு ஓடிப்போய் ஃபியூஸைப் போட்டுவிட்டு வந்தேன். "ஓவன் வேணுமா, கருவி வேணுமா, ஒண்ணைச் சொல்லுங்கடி" என்றேன்.

முதலில் கருவிதான் ஓடியது. வெளிப்பக்கம் இளகி நடுவில் கொஞ்சம் விறைப்பு இருக்கும்போது ரிம்மா கத்தியை வெந்நீரில் முக்கி வெட்டினாள். ரம்பம் தேவைப்படவில்லை, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சோறு பொரபொரவென்று சுண்ணாம்பு மாதிரி இருந்தது. உல்யானா ஒரு துண்டைத் தின்று பார்த்து முகத்தைச் சுளித்தாள். "மணல்" என்றாள்.

"சூடு ஏறினா இளகும்" என்றாள் ரிம்மா. "இளகணும். வெள்ளரிதான் தண்ணி விடும், அதை உருவிப் போடு."

பெண் ஒவ்வொரு துண்டிலிருந்தும் வெள்ளரியை விரலால் குத்தி வெளியே தள்ளினாள். ஓட்டை விழுந்த இடத்தில் ரிம்மா கிரீம் சீஸை வைத்து, விரிசலை அடைக்கிற மாதிரி கட்டைவிரலால் தேய்த்தாள். மேலே தொப்பியை அள்ளி வைத்தாள். மூடிபோட்டுக் கொஞ்ச நேரம், பிறகு திறந்து கொஞ்ச நேரம் என்று சுட வேண்டும் என முடிவானது. இருவரும் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். தட்டின் அடியில் தண்ணீர் ஊறுவது தெரிந்ததும் ரிம்மா, "ஐயோ" என்றாள். உல்யானா துணியைச் சுற்றித் தட்டை வெளியே இழுத்துச் சாய்த்தாள், ரிம்மா கரண்டியால் தண்ணீரை வழித்தாள், மறுபடி உள்ளே தள்ளினார்கள். "வருமா சித்தி?" என்று பெண் கேட்டாள். "தெரியலம்மா" என்றாள் இவள். ஸோயா தலையில் துண்டோடு வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, போய் முடி காய வைக்கக் கருவியைத் தேடினாள். அது மயோனிஸில் கிடந்தது.

பிள்ளைகள் வந்தார்கள். இமையெல்லாம் உறைபனி, கன்னம் பீட்ரூட் நிறம். கோட்டைக் கழற்றுவதற்குள்ளேயே, "என்ன வாசனை!" என்று கத்தினார்கள். தட்டு மேசைக்கு வந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன்: பார்க்க லட்சணமாக இல்லை. சிலது சாய்ந்திருந்தது, சிலது விரிந்திருந்தது, தொப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் போனில் படம்கூட எடுக்கவில்லை. எடுக்க நேரமில்லை, தின்றுகொண்டிருந்தார்கள்.

ஸோயா முள்கரண்டியால் ஒன்றை எடுத்து மென்றாள். "அடியில கொஞ்சம் சொதசொதன்னு இருக்கு" என்றாள்.

"ஆமா அண்ணி" என்றாள் ரிம்மா. அவள் உட்காரவே இல்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்தாள். தேநீர் வந்தது, கேக் வந்தது. ஒவ்வொரு தடவை ஸோயா வாயைத் துடைக்கும்போதும் ரிம்மாவின் விரல்கள் நாற்காலியை இறுக்கின.

கடைசியில் ஸோயா போனை எடுத்து மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"உல்யா கண்ணு, ஞாயித்துக்கிழமை சாயங்கால ரயில்ல இடம் இருக்கு. அப்பா உன்னையே கேக்கச் சொல்லிட்டான். ரெண்டு டிக்கெட் போட்டுடட்டுமா?"

தோழிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் ரிம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

உல்யானா வாயிலிருந்ததை விழுங்கினாள். தட்டில் கடைசியாகச் சாய்ந்து கிடந்த ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு போதும் அத்தை" என்றாள்.

ரிம்மா, "அடுத்த தட்டு கருகிடும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். ஓவனில் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். உல்யானாவுக்கும் தெரியும். அவள்தான் எழுந்து பின்னால் போனாள்.